மறதி ஒழிப்புப் பிரிவு

காலையில் அவன் இடது கையால் பல் துலக்கினான். வலது கையால் துலக்கினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பற்பசையில் பாதி மீசைக்குப் போனது. பிறகு தேநீர் போட்டு இரண்டு குவளைகளில் ஊற்றினான். சர்க்கரை இல்லை, சர்க்கரை மூளைக்குப் பகை. ஒரு குவளையைக் குடித்தான். மற்றது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொட்டியில் கொட்டினான். இரண்டையும் கழுவிக் கவிழ்த்தான். மதியச் சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்டு மாட்டினான். டப்பாவுக்கு மூடி இல்லை. மனைவி செத்த வீட்டில் எவ்வளவோ இல்லை. மூடியையா தேடிக்கொண்டிருப்பான்.

டப்பாவின் பக்கவாட்டில் நகப்பூச்சால் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவள் வைத்தது. எப்போது வைத்தாள், எதற்கு வைத்தாள் என்று அவனுக்குத் தெரியாது. கழுவும்போது அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவான்.

கதவருகே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. தினமும் தெரியும். அவன் திரும்புவதில்லை. திரும்பினால் அவள் இருக்கமாட்டாள் என்கிற பயமில்லை. திரும்பினால் சொல்லாமல் போய்விடுவாளோ என்கிற பயம்.

அவள் ஏதோ சொல்வாள். நீளமாகவே சொல்வாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் முனகலாகத்தான் கேட்கும். கடைசி வார்த்தை மட்டும் தெளிவாக விழும்.

மறந்துடாத.

அவள் உயிரோடிருந்த கடைசிக் காலையிலும் இதே இடத்தில், இதே கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பின்னால் நின்று ஏதோ சொன்னாள். அவன் ‘ம்’ என்றான். கல்யாணமான ஆண்களுக்கு அந்த ஒற்றை எழுத்து ஒரு முழு மொழி. அதற்குள் ‘சரி’ இருக்கிறது, ‘பார்க்கலாம்’ இருக்கிறது, ‘நீ என்ன சொன்னாய் என்றே கேட்கவில்லை’யும் இருக்கிறது. அன்று மதியம் அவளுடைய மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

அவன் வேலை பார்த்தது நகரப் பேருந்துக் கழகத்தின் தொலைந்த பொருள் பிரிவில். பணிமனைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீள அறை. பயணிகள் பேருந்தில் மறந்துவிட்டுப் போனதெல்லாம் அங்கே வந்து சேரும். பைகள், ஒற்றைச் செருப்புகள், கைத்தடிகள், ஒரு முறை ஒரு பல்செட். கைத்தடியை மறந்தவர் எப்படி இறங்கி நடந்துபோனார் என்பது யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு டப்பாக்களுக்குத் தனி அலமாரி. மூடியில்லாத டப்பாவும் டப்பாவில்லாத மூடியும் எதிரெதிர்த் தட்டுகளில், பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். பொருளைத் தேடி வருகிறவர்களிடம் அவன் கேட்பது ஒரே கேள்வி: “அடையாளம் சொல்லுங்க.” சொல்லத் தெரிந்தவருக்குப் பொருள். தெரியாதவருக்கு நாற்காலி, உட்கார்ந்து யோசிக்கலாம்.

குடைகளின் பொறுப்பு இன்னொருவரிடம் இருந்தது. அவரை எல்லோரும் குடை அண்ணன் என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே பயன்படுத்தி வெகுகாலமாகியிருந்தது.

பயணிகளின் மறதி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. பயணிகள் மறப்பதைத் தடுக்கக் கழகத்துக்கு வழியில்லை. ஆகவே ஊழியர்கள் மறப்பதைத் தடுப்பது என்று மேலிடம் முடிவெடுத்தது. இப்படிப் பிறந்ததுதான் மறதி ஒழிப்புப் பிரிவு. அதற்கு இடம் வேண்டுமென்று தொலைந்த பொருள் அறையில் பாதியைத் தடுத்து, குளிர்சாதனம் வைத்து, ஒரு இயக்குநரை உட்காரவைத்தார்கள். அவர் வந்த முதல் நாளே தன் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தார். அது அன்று மாலையே தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

இயக்குநரின் கட்டளைகள் சுவரில் ஏறின. இடது கையால் பல் துலக்க வேண்டும். கீரையும் மீனும் தின்ன வேண்டும். எண்ணெயில் பொரித்ததைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. படிக்கட்டில் பின்னோக்கி இறங்க வேண்டும். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் அப்படி இறங்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். அவருடைய மூளை சமநிலையைத் தேடிப் புறப்பட்டதற்கான அறிகுறி அது என்று பிரிவு அவருக்குப் பாராட்டு அனுப்பியது. தினமும் புதிய பாதையில் சென்றால் மூளையில் புதிய நரம்புப் பாதைகள் முளைக்கும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஓட்டுநர் ஒருவர் அதை வரிக்கு வரி நம்பி, மருத்துவமனைக்குப் போக வேண்டிய பேருந்தைத் துறைமுகத்துக்கு ஓட்டிப்போனார். அவருக்குப் பதக்கம் கிடைத்தது. பதறி இறங்கிய பயணிகள் விட்டுச்சென்ற சாமான்களை வாங்கி வைக்க அலமாரி போதவில்லை.

காலையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி வால்நட். பிரிவு தொடங்கிய அன்று இயக்குநர் ஒன்றை உடைத்து உயர்த்திக் காட்டினார். “பாருங்க, அப்படியே மூளை. இது மூளைக்குத்தான்னு இயற்கையே முத்திரை குத்தி அனுப்பியிருக்கு.”

“காலிஃப்ளவரும் அப்படித்தானே சார் இருக்கு,” என்றார் குடை அண்ணன். “அது விலையும் கம்மி.”

அவருக்கு அன்று வால்நட் கிடைக்கவில்லை.

அவனுக்குக் கிடைத்தது. வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. மேசைக்கு அடியில் ஒரு எவர்சில்வர் மூடி தூசியோடு கிடந்தது. அந்த அறையில் மூடி கிடப்பது, சலூனில் மயிர் கிடப்பது மாதிரி. எடுத்துத் துடைத்து, மல்லாக்க வைத்து, வால்நட்டை அதில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அதுதான் அவன் வால்நட் தட்டு.

மற்றவர்கள் விதியே என்று செய்ததை அவன் மட்டும் நம்பிச் செய்தான். அவனுக்கு அறிவு வளர வேண்டியதில்லை, பதவி உயர வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியம் திரும்பக் கிடைத்தால் போதும். அதற்காகக் கீரையை ஆடு மாதிரி மேய்ந்தான். பின்னோக்கி நடந்து இரண்டு முறை தூணில் மோதினான்.

“நீ நிஜமாவே திங்கிறியா?” என்று குடை அண்ணன் ஒரு நாள் அவன் மேசையோரம் வந்து நின்று கேட்டார். “நான் ஜன்னலுக்கு வர்ற அணிலுக்குப் போட்டுடறேன். அது இப்ப என்னைவிட விவரமா இருக்கு. சாயங்காலம் நான் கிளம்புற நேரத்தை அதுதான் ஞாபகப்படுத்துது.”

அவன் சிரிக்கவில்லை. அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுக் குடைகளிடம் போனார்.

அவனாகவே போய் இயக்குநரைப் பார்த்தான். தானாக ஒருவன் கதவைத் தட்டியது பிரிவின் வரலாற்றில் அதுவே முதல் முறை. இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவன் விஷயத்தைச் சொன்னான். அவர் பேனாவைத் திறந்தார்.

“வால்நட் சாப்பிடுவாங்களா, உங்க மனைவி?”

“சாப்பிடுவா.”

“கீரை?”

“தினமும்.”

“நடப்பாங்களா? தூக்கம்?”

“நடப்பா. நல்லாத் தூங்குவா. நகரத்துல இருக்குற அத்தனை பஸ் நம்பரும் அவளுக்கு மனப்பாடம்.”

இயக்குநர் முகம் சுண்டியது. தன் கொள்கைக்கு எதிராக ஒருத்தி வேண்டுமென்றே செத்துப்போனது போல அவனைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

“சரியா மென்னிருக்க மாட்டாங்க.”

அவனை நினைவு அலுவலரிடம் அனுப்பினார்கள். அவள் இளவயதுக்காரி. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பேசுவாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே கழுவித் துடைத்து வரும். கண்ணை மூடச் சொன்னாள், மூச்சை எண்ணச் சொன்னாள். வாரக்கணக்கில் உட்கார்ந்தான். ஷூ தெரிந்தது, கயிறு தெரிந்தது, தரையில் மனைவியின் பாத நிழல் தெரிந்தது. வாக்கியம் வரவில்லை. வால் மட்டும் வந்தது.

“மறந்துடாத,” என்றான்.

நினைவு அலுவலர் எழுந்து ஓடிப்போய் இயக்குநரை அழைத்துவந்தாள். அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்த்தார். மிட்டாய் போல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். மறதி ஒழிப்புப் பிரிவுக்கு இதைவிட ஒரு முழக்கம் வானத்திலிருந்துதான் விழவேண்டும். ஒருவிதத்தில் அங்கிருந்துதான் விழுந்தது.

முழக்கத்தைச் செப்பனிட ஒரு குழு கூடியது. வாக்கியத்தின் சொந்தக்காரன் என்கிற முறையில் அவனையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். எதை மறக்கக் கூடாது என்பது முதல் விவாதம். ‘என்னை’ என்று முடிவானது. செத்துப்போகிறவள் வேறு எதைச் சொல்வாள். அடுத்ததாக, ‘மறந்துடாத’ மரியாதையாக இல்லை என்றாள் நினைவு அலுவலர்.

“ஒரு மனைவி கணவரை நீன்னு சொன்னதா மேடையில சொல்ல முடியாது. நீங்கன்னு மாத்திடலாம்.”

அவன் மறுத்தான். அவன் மனைவி ‘நீ’ என்றுதான் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும்தான் ‘நீங்க’. ‘நீங்க சாப்பிடுங்க’ என்றால் அன்று வீட்டில் புயல் என்று அர்த்தம். அவன் விளக்கியதைக் குழு பொறுமையாகக் கேட்டது. பிறகு, கோபத்திலும் கணவருக்கு மரியாதை கொடுத்த பெண்மணி என்று குறித்துக்கொண்டது.

கடைசியில் வாக்கியம் இப்படி வெளியே வந்தது: ‘அன்புக் கணவரே, உங்கள் மூளையைப் பேணுங்கள், என்னை மறந்துவிடாதீர்கள்.’ பணிமனை வாசலில், பேருந்துகளின் முதுகில், கழிவறைக் கதவில் அது தொங்கியது. நினைவு அலுவலர் தன் குரலிலேயே அதைப் பதிவுசெய்து அவன் போனில் ஏற்றினாள். தூங்கப் போகும்போதும் எழும்போதும் கேட்க வேண்டும். இதைக் கேட்டால் மீதி வாக்கியம் திரும்ப வருமா என்று அவன் கேட்டான்.

“திரும்ப வரணும்னு ஏன் நினைக்கறீங்க? ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா அதுவே நினைவாயிடும். அப்புறம் எது நிஜம்னு உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. அதுதான் எங்க முறையோட வெற்றி,” என்றாள் அவள். பெருமையாகத்தான் சொன்னாள்.

ஆனாலும் அவன் கேட்டான். தண்ணீரில் மூழ்குகிறவன் கயிற்றின் தரத்தைப் பரிசோதிப்பதில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில், கயிற்றைக் கட்டும்போது வழக்கம்போல் பின்னால் ஆள் நின்றது. முனகல் இல்லை. கிணறு இல்லை. முழு வாக்கியமும் தெளிவாக, சொல் சொல்லாகக் கழுவித் துடைத்து வந்தது. குரல் மனைவியுடையது. சொன்னது குழு தீர்மானித்தது.

அன்புக் கணவரே.

அவன் திரும்பினான். முதல் முறையாகத் திரும்பினான். சுவர். ஆணியில் அவளுடைய கைப்பை. அவ்வளவுதான். ‘நீங்க’ என்கிறாளே, என்ன கோபம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, அவளைத் துரத்திவிட்டு அவள் நின்ற இடத்தில் பிரிவு வந்து நிற்கிறது. பதிவை அழித்தான். மறுநாளும் அதே குரல் வந்தது. தேநீரை ஊற்றும்போது வந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. நாளுக்கு நாள் அந்தப் பழைய முனகல் தேய்ந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்ச நாளில் வாலும் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்தது.

இயக்குநரிடம் போய்ப் பதாகைகளை எடுத்துவிடச் சொன்னான். அது அவள் சொன்னதில்லை என்றான்.

“அப்ப எது அவங்க சொன்னது? உங்க பிரிவுல நீங்கதானே கேப்பீங்க, அடையாளம் சொல்லுங்கன்னு. சொல்லுங்க பாப்போம்,” என்றார் இயக்குநர்.

“மறந்துடாத,” என்றான் அவன்.

“தம்பி, அது இப்ப உங்களோடது இல்ல. கழகத்தோடது. ஒரு தனி மனுஷனோட துக்கம் ஒரு நிறுவனத்துக்குப் பயன்படுறது எவ்வளவு பெரிய விஷயம்! எங்க வீட்லயும்தான் துக்கம் நடந்திருக்கு. யாராவது சீந்தினாங்களா?”

கூடவே, பிரிவின் ஆண்டு விழாவில் அவன் மேடையேறி அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

அன்று மதியம் அவன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான். குடை அண்ணன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ரப்பர் பேண்டைப் பார்த்தார். உங்கள் கல்யாணத்தில் ஜாடிக்கேத்த மூடி என்று நான்தான் முதலில் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். அவனுக்கு ஞாபகமிருந்தது. அதைக் கேட்டு அவள் மணமேடையிலேயே அவன் காதோரம் சாய்ந்து, “நீதான் மூடி. பாத்தாலே தெரியுது, தொலையுற ஜாதி,” என்று சொன்னதும் ஞாபகமிருந்தது. அந்த ‘நீ’யை அவன் இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். இன்னும் அவள் குரலில்தான் இருந்தது.

விழா பணிமனைக் கொட்டகையில் நடந்தது. பழுதுபார்க்க நின்ற பேருந்துகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயர எழுத்தில் அன்புக் கணவரே. கழகத் தலைவர் முதல் வரிசையில் தூங்கினார். ஓய்வும் மூளைக்கு உணவு என்பதற்குத் தலைவரே சான்று என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் சுட்டிக்காட்டினார். தலைவரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டிய இடத்தில் பெயர் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்துப் போட்டு மென்றார். கூட்டம் காத்திருந்தது. இன்னொன்றையும் மென்றார். பிறகு, “நாம் அனைவரும் நன்கு அறிந்த தலைவர் அவர்களே,” என்றார். கைத்தட்டல் எழுந்தது.

தொடர்ந்து அவர் பேசினார். இந்த ஓராண்டில் ஊழியர்கள் எதையுமே மறக்கவில்லை என்றார். மறந்திருந்தால் மறந்ததாக யாராவது ஞாபகமாக வந்து சொல்லியிருப்பார்களே என்றார். குடை அண்ணன் மடியில் ஒரு கறுப்புக் குடை இருந்தது. இன்றைக்கு அதைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிடுவது என்று வந்திருந்தார். பேச்சைக் கேட்டபிறகு நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மேடைப் படிக்கருகே அவன் வால்நட் தட்டோடு நின்றிருந்தான். வாக்கியத்தைச் சொன்னதும் ஒரு வால்நட்டை வாயில் போட வேண்டும். புகைப்படக்காரர் தயாராக இருந்தார். நினைவு அலுவலர் அந்தத் தட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். மேடையில் எவர்சில்வர் கூடாது, படத்தில் கண் கூசும் என்று பிரிவின் பெயர் அச்சிட்ட நீலப் பெட்டியை நீட்டினாள். அவன் வால்நட்டை அதில் கொட்டினான். காலி மூடியை என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பினான்.

முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி.

பாதி உதிர்ந்திருந்தது. நகப்பூச்சு. அவன் பெருவிரலை அதன் மேல் வைத்தான். இடி எதுவும் இடிக்கவில்லை. பல் இடுக்கில் மாட்டிக்கொண்ட நார், தேடுவதை விட்ட பிறகு தானாக நாக்கு நுனிக்கு வருமே, அப்படி வந்தது. அவள் செத்த அந்த மதியம் டப்பாவைத் திறந்து மூடியை மேசை ஓரத்தில் வைத்தபோதுதான் போன் அடித்தது. அவன் ஓடினான். டப்பாவைப் பிறகு குடை அண்ணன்தான் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். மூடி மேசைக்கடியில் விழுந்து அங்கேயே கிடந்திருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு முறை அவன் அலமாரியிலிருந்த யாருடைய மூடியையோ தன்னுடையதென்று வீட்டுக்குக் கொண்டுபோனான். இரண்டும் பொருந்தவில்லை. இரண்டாவது முறை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள், அந்தக் கடைசிக் காலையில், தரையில் சம்மணமிட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். அந்த நெடி இப்போது கொட்டகையின் டீசல் நெடியைத் தாண்டி அவன் மூக்குக்கு வந்தது. கதவருகே அவன் குனிந்திருந்தான். பூச்சு காயட்டும் என்று அவள் மூடியை ஊதிக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் மூடியோடு மேடையேறினான். கீழேயிருந்து நினைவு அலுவலர் நீலப் பெட்டியை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். ஒலிபெருக்கி முன் நின்றான். பின்னால், பதாகைக்கும் முதுகுக்கும் நடுவே, ஆள் நிற்பது தெரிந்தது. அவன் திரும்பவில்லை.

இயக்குநர் அவன் காதருகே குனிந்து எடுத்துக்கொடுத்தார். “அன்புக் கணவரே...”

“அடையாளம் கேட்டீங்களே, சார்,” என்றான் அவன். அது ஒலிபெருக்கியில் கொட்டகை முழுக்கக் கேட்டது. பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்ன ‘நீ’யிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

“செவப்புப் பொட்டு வச்சிருக்கேன் பாரு, அதுதான் நம்மளோடது. இன்னைக்கும் ஊரான் மூடியத் தூக்கிட்டு வந்து நிக்காத. மறந்துடாத.”